நனையாத சுக்கான்காரி

யாராவது என்னைத் தூக்கித் தண்ணீரில் எறிய வேண்டும். பதினேழு வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். காதல், கல்லூரி எல்லாம் அதற்கு அப்புறம்.

போன வாரம் பள்ளியிலிருந்து வசந்த கால விளையாட்டு மலர் வந்தது. வருடா வருடம் வருகிறது. நான் முன்பக்கத்துக் கோப்பைகளைப் பார்ப்பதில்லை. நேராகப் படகுப் பக்கத்துக்குப் போய், அதிலும் அடிவரிக்குப் போய், நாலாம் படகு என்ன ஆயிற்று என்று பார்ப்பேன். எப்போதும் ஒரே வரிதான் போட்டிருப்பார்கள். எங்கள் வருடமும் அப்படித்தான் போட்டார்கள்: வெற்றி ஒன்று, தோல்வி ஐந்து. அச்சில் பார்த்தால் எவ்வளவு சின்ன விஷயம்.

எண்பத்து நாலாம் வருடம், நியூ ஹாம்ப்ஷயரில் எங்கள் பள்ளி. முதல் படகில் துரைமார் போல எட்டுப் பேர். இரண்டாவது, மூன்றாவது படகுகளில் அவர்களைப் போல ஆக நினைத்தவர்கள். மிச்சம் மீதியை வழித்துப் போட்டது நாலாம் படகு. நான்கு பையன்கள் துடுப்புப் போட, நான் சுக்கான் பிடித்தேன். துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். எதிரே என்ன வருகிறது என்று பார்க்கிற ஒரே ஆள் சுக்கான்காரி. அவள் குள்ளமாக இருக்க வேண்டும், வாய் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டையும் கடவுள் எனக்குத் தாராளமாகக் கொடுத்திருந்தார். பையன்கள் என்னைச் சுண்டெலி என்றார்கள். ஆறு மைல் தாண்டிக் கேட்கிற சுண்டெலி.

படகுக்காரர்களிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. தோற்றவர்கள் கரையேறியதும் போட்டிருக்கிற பனியனைக் கழற்றி, வென்றவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். வென்றவர்கள் தங்கள் சுக்கான்காரியைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி, அப்படியே குளத்தில் எறிவார்கள். நீ கொண்டுவந்த வெற்றி என்று அர்த்தம். எங்கள் பள்ளியில் அதற்கு மேல் ஒன்று உண்டு. படகுத்துறையின் மரப்பலகைகளுக்கு அடியில், கயிற்றில் ஒரு ஆணி தொங்கும். எறியப்பட்டவள் தண்ணீருக்குள்ளேயே நீந்தி அங்கே போய், பலகையின் அடிப்பக்கத்தில் தன் பெயரைக் கீறலாம். மேலே நடக்கிற யாருக்கும் அது தெரியாது. நினைத்திருந்தால் ஏதாவது ஒரு சாயங்காலம் நானே குதித்துப் போய்க் கீறியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் எறியப்படாதவள் அங்கே போகக் கூடாது. அது எனக்குக் கடைசி வருடம்.

அந்த வருடம் ஏப்ரல் பாதி வரை குளத்தில் பனிக்கட்டி கிடந்தது. பள்ளியின் நிலவறையில் இயந்திரத்தில் துடுப்பு இழுத்து இழுத்துப் பையன்களுக்குக் கை காய்த்ததுதான் மிச்சம். கோச்சாக வந்தவர் லத்தீன் வாத்தியார் குவிம்பி. படகு விடுவதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர். கரையோரமாகச் சைக்கிளில் வந்துகொண்டே ஒலிபெருக்கியில் அறிவுரை சொல்வார், ஒரு தடவை சொல்லிக்கொண்டே குளத்துக்குள் இறங்கிவிட்டார்.

எங்கள் படகின் தலைவன் வெண்டல். எனக்கு நேர் எதிரே உட்காருகிறவன், அவன் இழுப்பைப் பார்த்துத்தான் மற்றவர்கள் இழுக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் இரண்டு ஃபெல்ப்ஸ் பையன்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள், பேசவே மாட்டார்கள். கடைசியில் ஆர்லோ. வெர்மாண்ட்டில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை, ஆனை மாதிரி பலம். ஆனால் எல்லாம் அவனுக்கு ஒரு நொடி கழித்துத்தான் வரும். துடுப்பும் அப்படி, சிரிப்பும் அப்படி. செவ்வாய்க்கிழமை சொன்ன நகைச்சுவைக்குப் புதன்கிழமை காலை உணவின்போது சிரித்தவன் அவன். மூன்று துடுப்புகள் தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும், அப்புறம் தனியாக ஒன்று. நான் கத்துவேன். "ஆர்லோ, நீ லேட்டு." கரையேறியதும் அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியும்" என்பான். அந்த சீசன் முழுக்க எங்கள் உரையாடல் இவ்வளவுதான்.

தோற்றோம். ஒழுங்காக, வரிசையாகத் தோற்றோம். ஒவ்வொரு தடவையும் பனிக்காற்றில் வெற்று உடம்போடு பேருந்தில் திரும்பினோம். எனக்குப் பரவாயில்லை, நான் முன்யோசனையாக இரண்டு பனியன் போட்டுக்கொண்டு போவேன். பனியன் கொடுக்கிற அறையில் இருந்த டன்ஃபிக்குத்தான் ஆத்திரம். மெரூன் நிறப் பனியன்கள் தீர்ந்து, பெட்டியின் அடியில் கிடந்த பச்சைப் பனியன்களை எடுத்துக் கொடுத்தார், அந்துப்பூச்சி தின்றவை. இதையாவது திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றார். அதுவும் போயிற்று.

ஐந்தாவது போட்டி கொட்டுகிற மழையில் நடந்தது. நான் கத்திய கத்தலில் என் தொண்டை போய்விட்டது. சும்மா கம்மவில்லை, சுத்தமாகப் போய்விட்டது. கடைசிப் போட்டி எங்கள் குளத்தில், மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு. காலையில் எழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வெண்டல் என்னைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான்.

சுக்கான் கயிற்றின் இரண்டு முனையிலும் மரப்பிடி இருக்கும். கிளம்பும் கொடி விழுந்ததும் வேறு வழியில்லாமல் அந்தப் பிடியால் படகின் பக்கத்தில் தட்ட ஆரம்பித்தேன். டொக். டொக். டொக். பாதி தூரம் போனபிறகுதான் ஏதோ குறைகிறது என்று உறைத்தது. அந்தத் தனிச் சத்தத்தைக் காணோம். நான்கு துடுப்பும் ஒன்றாக விழுந்தன. படகு தண்ணீரின் மேல் எழும்பி ஓடியது. பக்கத்துப் படகின் சுக்கான் பையனை என் தோளுக்கு நேராகப் பார்த்தேன். பிறகு அவனைப் பார்க்கத் திரும்ப வேண்டியிருந்தது. இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஜெயித்துக் கரையேறினோம். துறையின் ஓரத்தில் போய் நின்றேன். ஷூவைக் கூடக் கழற்றி வைத்துவிட்டேன்.

என் பையன்கள் நான்கு பேரும் வரிசையாக நின்று பனியனைக் கழற்றினார்கள். பழக்க தோஷம். தோற்ற பையன்களும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். யார் யாருக்குக் கொடுப்பது என்று ஒருவருக்கும் புரியவில்லை. கடைசியில் மரியாதையாக மாற்றிக்கொண்டார்கள். உலகத்தில் ஜெயித்துவிட்டுப் பனியனைக் கொடுத்த ஒரே படகு எங்களுடையதாகத்தான் இருக்கும். அதற்குள் அப்பா அம்மாக்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள், குவிம்பி எல்லார் கையையும் இரண்டிரண்டு தடவை குலுக்கினார். கூட்டம் அப்படியே புல்வெளிப் பக்கம் நகர்ந்தது. நான் வெறுங்காலோடு துறையில் நின்றேன். கூப்பிட எனக்குக் குரல் இல்லை.

வெண்டல் மட்டும் திரும்பிப் பார்த்தான். ஓடிவந்து என் தோளில் தட்டினான்.

"நீ வாயை மூடிக்கிட்டு வந்ததாலதான் ஜெயிச்சோம் போல, சுண்டெலி."

சிரித்துக்கொண்டே சொன்னான், சிரித்துக்கொண்டே போனான். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை முள் மாதிரி உள்ளே இருந்துகொண்டது. மறந்துபோய் எறியாமல் விட்டார்களா, இல்லை, இந்த வெற்றியில் இவளுக்கு என்ன பங்கு என்று விட்டார்களா? ஐந்து போட்டியில் கத்தினேன், ஐந்திலும் தோற்றோம். கத்தாத ஒன்றில் ஜெயித்தோம். கணக்கு எனக்கு எதிராகத்தான் இருந்தது.

என் அறையில் கூட இருந்தவள் ஹெஸ்டர். இரண்டு நாள் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வாயைத் தொறந்து கேளேன்டி. நாலு பேரும் மாடு மாதிரி நல்லவனுங்க, உடனே தூக்கிப் போட்டுருவானுங்க."

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு குளியல்" என்றேன். கரகரவென்று அவ்வளவுதான் வந்தது.

தொண்டை சரியாகிவிட்டது, ஆனாலும் நான் அவர்களோடு பேசவில்லை. இன்னும் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்கள் அந்த மடையர்கள். தினமும் காலையில் ஆர்லோ சாப்பாட்டுக் கூடத்தில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து என் மேஜைக்குக் கொண்டுவருவான். அவன் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அது ஆறிப் போயிருக்கும். குடித்தேன். இவ்வளவு அன்பாக இருக்கிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் இன்னும் கோபம் வந்தது.

பட்டமளிப்புக்கு முன் சனிக்கிழமை, விளையாட்டுக் கூட்டம். தேவாலயத்தில் பள்ளி முழுக்க உட்கார, ஒவ்வொரு அணியும் எழுந்து தன் சீசனைச் சொல்ல வேண்டும். பெண்கள் வெள்ளை கவுன், பையன்கள் கோட்டும் டையும். பேஸ்பால் தலைவன் மழையைக் குறை சொன்னான். வலைக்கோலால் பந்து வீசுகிற லக்ராஸ் அணி, போட்ட கோல்களைச் சொன்னது, உடைத்த ஜன்னல்களைச் சொல்லவில்லை. டென்னிஸ் பெண்கள் ஒரு செட்டைக்கூட விடாமல் விவரித்தார்கள், பின்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். படகுகளுக்கு மட்டும் சுக்கான் பிடிப்பவர்தான் பேச வேண்டும், ஏனென்றால் என்ன நடந்தது என்று பார்த்த ஒரே ஆள் அவர்தான். நாலாம் படகு கடைசி. அதற்குள் எல்லாருடைய மனசும் வெளியே போட்டிருந்த ஸ்ட்ராபெர்ரி கேக்குக்குப் போய்விட்டது.

எழுந்தேன். ராத்திரியெல்லாம் மனசுக்குள் பெரிய பேச்சு ஒன்று தயாரித்திருந்தேன், குத்தலும் கிண்டலுமாக. நான்கு பேரும் ஈரத்தலையை வாரிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அது மறந்துவிட்டது.

"அஞ்சு போட்டி தோத்தோம். ஒண்ணு ஜெயிச்சோம். பனியன் ஒண்ணும் பாக்கி இல்ல" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள். சரி, முடிந்தது. இனி இந்தக் குளத்துக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் ஜெபிப்போம் என்றார். எல்லாரும் தலை குனிந்தார்கள். ஈ பறந்தால் கேட்கும். அந்த அமைதியில் ஆர்லோவின் குரல் எழுந்தது. அவன் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"வெண்டல், நாம லோர்னாவைத் தூக்கிப் போடவே இல்லையேடா."

வெண்டலின் முகம் வெளுத்தது. திரும்பி என்னைப் பார்த்தான். நான் என் மடியைப் பார்த்தேன். தலைமையாசிரியர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஜெபத்தின் நடுவிலிருந்து நேராக ஆமெனுக்குப் போனார்.

நான்கு பேரும் வரிசைகளைத் தாண்டி, பெற்றோர் கால்களை மிதித்துக்கொண்டு வந்தார்கள். என்னைத் தூக்கினார்கள். பள்ளி முழுக்கப் பின்னால் வந்தது. கேக்கைத் தாண்டிப் போனோம். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி என் அம்மா எங்கிருந்தோ கத்தினாள், என் குரல் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குப் பள்ளிக்குத் தெரிந்தது. ஆர்லோ என் இடது காலைப் பிடித்திருந்தான்.

"ஏன் சொல்லல?" என்றான், மூச்சு வாங்க.

"நான் வாயை மூடினதாலதானே ஜெயிச்சோம்" என்றேன் தலைகீழாக.

அவன் நாலு எட்டு வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"நீ தட்டினதால. எப்ப இழுக்கணும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. இன்னும் காதுலயே இருக்கு அது."

அதற்குமேல் பேச நேரமில்லை. வெண்டல் எண்ணினான், மூன்றில் என்னை விட்டார்கள்.

ஜூன் மாதத்திலும் அந்தக் குளம் எலும்பைக் கடிக்கும். வெள்ளை கவுன் குடை மாதிரி விரிந்து என் முகத்தை மூடியது. அதை இழுத்து அடக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, துறைக்கு அடியில் போய் எழுந்தேன். உள்ளே பச்சை வெளிச்சம். தலைக்கு மேல் பலகையெல்லாம் பெயர்கள், கோணல் மாணலாக, சில பாசி படிந்து. எல்லாரும் நடுங்குகிற கையால் எழுதியிருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆணி இருந்தது. லோர்னா என்று கீறினேன். நன்றாக அழுதேன், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

மேலே கூட்டம் என்னைக் காணாமல் சத்தம் போட்டது. பலகை இடுக்கில் நான்கு ஜோடி கறுப்பு ஷூக்கள் தெரிந்தன. முஷ்டியை மடக்கிப் பலகையில் தட்டினேன். டொக். டொக். டொக்.

அப்புறம் என் தட்டுக்குச் சரியாக ஷூக்கள் பலகையை மிதித்தன. மூன்று ஜோடி ஒன்றாக. அப்புறம் தனியாக ஒன்று.

"ஆர்லோ, நீ லேட்டு" என்றேன் பலகையைப் பார்த்து.

"தெரியும்" என்றது மேலே.