மூன்றாவது பேட்டரி

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு குடும்பப் பத்திரிகையின் ஆசிரியர் கூப்பிட்டு, வீட்டில் புழங்கும் பேட்டரிகளுக்கு நல்ல சார்ஜர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒரு பக்கம் கேட்டார். என்ன பெரிய வேலை என்று ஒப்புக்கொண்டேன். எழுதிய முதல் வரி இது:

நல்ல சார்ஜரைத் தேர்ந்தெடுக்கும் முன் நாம் கவனிக்க வேண்டிய

அதற்குமேல் பேனா நகரவில்லை. பக்கத்து அறையில் என் அக்கா ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சார்ஜர் என்று எழுதினாலே அவள்தான் வந்து நிற்கிறாள். ஆகவே கட்டுரை கதையாகிவிட்டது. ஆசிரியர் மன்னிப்பாராக.

2

அக்கா பதினெட்டு வருடமாகப் பூகோளம் கற்பிக்கிறவள். போன வருடம் தொண்டையில் அறுவை சிகிச்சை. கட்டி போயிற்று, கூடவே குரலும் பாதிக்குமேல் போயிற்று. இப்போது அவள் பேசினால் டயரிலிருந்து காற்று இறங்குவதுபோல இருக்கும். (இந்த உவமை அவளுடையது. நானாக எழுதத் துணிந்திருக்க மாட்டேன்.)

குரல் திரும்ப ஆறு மாதம் ஆகலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். அதுவரைக்கும் இடுப்பில் கட்டிக்கொள்ளும் கையகல ஸ்பீக்கர் ஒன்று, கன்னத்தோரம் வளைந்து வரும் மைக் ஒன்று. உள்ளே மூன்று பேட்டரி. விரல் நீளம், திரும்பத் திரும்ப சார்ஜ் செய்கிற ரகம். அதை மாட்டிக்கொண்டு அக்கா பள்ளிக்குத் திரும்பினாள்.

முதல் மாதம் ஓடியது. பிறகு ஒருநாள், எட்டாம் வகுப்பில், கடலிலிருந்து காற்று ஏன் கரைக்கு வீசுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கர் கரகரத்து அடங்கிவிட்டது. பாதி வாக்கியம். நாற்பது பிள்ளைகள் மூச்சை அடக்கி, பெஞ்சிலிருந்து முன்னால் சாய்ந்து, அவள் உதட்டையே பார்த்தார்களாம். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றாள்.

முதல் பிரதியில் இங்கே “அக்கா அழுதாள்” என்று எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டு ஓரத்தில் குறித்தாள்: அழவில்லை. கரும்பலகையைத் துடைத்தேன்.

இரண்டும் நடந்திருக்கலாம். அவள் சொன்னதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அந்த வாரம் நான்கு நாள் அதே கதை. வெள்ளிக்கிழமை மாலை தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் நீட்டினாள். வகுப்பிலிருந்து தன்னை விடுவிக்கவேண்டும் என்று இரண்டே பத்தி.

“எழுத்துப் பிழை மட்டும் பாருடா,” என்றாள், அந்தக் காற்றுக் குரலில்.

ஒரு பிழையும் இல்லை. எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. பிழை இருந்தால் திருத்துகிற சாக்கில் இரண்டு நாள் இழுத்திருப்பேன். திங்கட்கிழமை கொடுக்கலாம், அதுவரைக்கும் அந்த ஸ்பீக்கரை என்னிடம் கொடு என்றேன். மெஷின் மேல் தப்பில்லை, தன் நேரம் சரியில்லை என்று முணுமுணுத்துவிட்டுத் தந்தாள்.

4

கடைத்தெருவில் பழைய ரேடியோவிலிருந்து காதுக்கருவிவரை பழுதுபார்க்கும் ஒரு அம்மாள் இருக்கிறார். எந்நேரமும் கையில் மீட்டர் இருப்பதால் மீட்டரம்மா. (இவரைக் கொஞ்சம் கலகலப்பான ஆளாக்கலாமா என்று யோசித்தேன். பொய்யாகிவிடும். அவர் அளந்துதான் பேசுவார்.)

அன்று மாலையே அவரிடம் போனேன். ஸ்பீக்கரைத் திறந்து மூன்று பேட்டரிகளையும் வரிசையாக வைத்து மீட்டரால் தொட்டுப் பார்த்தார். இரண்டில் முள் நன்றாக ஏறியது. மூன்றாவதில் சோர்ந்து பாதிக்குக் கீழே நின்றது.

ஸ்பீக்கருக்கு ஒன்றும் இல்லை, ஒருத்தர் மட்டும் பட்டினி, ஒருத்தர் படுத்தால் மற்ற இருவரும் சேர்ந்து படுக்க வேண்டியதுதான் என்றார். பிறகு சார்ஜரைக் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

“இதுல ஜோடி ஜோடியாத்தான் ஏறும். மூணாவதை யாரோட சேர்த்துப் போட்டீங்க?”

சுவர்க் கடிகாரத்தில் இருக்கும் அதே ரகப் பேட்டரியைக் கழற்றி, அதோடு என்றேன். தினமும் மாலையில் எங்கள் வீட்டில் நேரம் நின்றுபோவது அதனால்தான்.

அவர் மீட்டரைக் கீழே வைத்துவிட்டார். கடிகாரம் துளித்துளியாகக் குடிப்பது. அதன் பேட்டரி எப்போதும் ஏறக்குறைய நிரம்பியே இருக்கும். இந்த சார்ஜருக்கு இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரியாது. ஜோடியின் கணக்கைப் பார்த்து, போதும் என்று நிறுத்திவிடும். நிரம்பியது தப்பிக்கும், காலியானது பாதி வயிற்றோடு எழுந்துவிடும். ஒரு மாதப் பட்டினி சேர்ந்துதான் இப்போது படுத்துவிட்டது.

இந்த இடத்தில் அக்காவின் இரண்டாவது ஓரக்குறிப்பு வருகிறது: அந்த சார்ஜரை வாங்கிக் கொடுத்தது யார் என்று எழுதவில்லையே?

நான்தான். எழுதாமல் தாண்டிவிடப் பார்த்தேன். அவள் மருத்துவமனையிலிருந்து வந்த வாரம், அரை மணியில் நிரப்பும் என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி, அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுத்துவந்தேன். ஒரு மனுஷி தன் பிழைப்பையே விடும் அளவுக்குப் போனதற்கு என் கவனக்குறைவும் ஒரு காரணம். இதை மீட்டரம்மாவிடமும் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து வேறொரு சார்ஜரை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நான்கு குழி, ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. ஒன்றைப் போட்டாலும் ஏறும், மூன்றைப் போட்டாலும் ஏறும். எது நிரம்புகிறதோ அது மட்டும் தானாக நிற்கும். சூடானால் நிறுத்திக்கொள்ளும். சார்ஜ் செய்யக்கூடாத சாதா பேட்டரியைத் தெரியாமல் போட்டால் விளக்கு சிமிட்டி, ஏற்க மறுத்துவிடும்.

“மெதுவாத்தான் ஏறும். நாலு மணி நேரம் ஆகும். பரவாயில்லையா?”

பரவாயில்லை என்றேன். (பத்திரிகை ஆசிரியர் கேட்ட ஒரு பக்கம் இந்த இரண்டு பத்திக்குள் முடிந்துவிட்டதை இப்போதுதான் கவனிக்கிறேன்.)

5

சனிக்கிழமை காலை மூன்றையும் போட்டோம். முதல் இரண்டு விளக்கும் பச்சையான பிறகும் மூன்றாவது வெகுநேரம் சிவப்பாகவே இருந்தது. அக்கா காய்கறி நறுக்கும் பலகையைத் தூக்கிக்கொண்டு அதன் எதிரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் அதுவும் பச்சையானது.

அவள் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, நாற்காலிகளுக்கும் எனக்கும் கடல்காற்றுப் பாடத்தை விட்ட இடத்திலிருந்து நடத்தினாள். ஒரு பீரியட். இன்னொன்று. மூன்றாவதில் எனக்குக் கண் சொக்கியது, ஸ்பீக்கருக்குச் சொக்கவில்லை. நடுவில் நிறுத்தி, உன்மேல் கோபமில்லை என்றாள். சற்றுப் பொறுத்து, கொஞ்சம் இருக்கிறது என்று திருத்தினாள்.

திங்கட்கிழமை கடிதத்தோடுதான் பள்ளிக்குப் போனாள். ஆனால் முதலில் வகுப்புக்குப் போனாள்.

6

முடிவு.

முதல் வடிவம்: ஆறாவது மாதம் அவளுடைய சொந்தக் குரல் திரும்பிவிடுகிற

அக்கா குறுக்கே கோடு போட்டாள். மருத்துவரே உறுதியாகச் சொல்லாததை நீ சொல்லாதே.

இரண்டாவது வடிவம்: தலைமையாசிரியை கண் கலங்கக் கடிதத்தைக் கிழித்

அந்த அம்மாள் காகிதத்தை வீணாக்கவே மாட்டார் என்று குறிப்பு.

மூன்றாவதற்குத் தாளைத் திருப்பினேன். அதற்குள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கடைசிக் குறிப்பை எழுதிவிட்டாள்: முடிவு வேண்டாம். இன்றைக்கு எனக்கு மூன்று வகுப்பு.

அதனால் இங்கே எனக்கு வேலை இல்லை, உங்களுக்குத்தான். எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஓரமாக ஒரு இடம் இருக்கிறது, போய் உட்காருங்கள். அக்கா வரைபடத்தை மாட்டிவிட்டுத் திரும்புகிறாள், மைக்கைச் சரிசெய்கிறாள், நேராக உங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறாள்.

“கடைசி பெஞ்ச், கேக்குதா?”