அறுநூற்று நாற்பத்தொன்று

ஜோதிமேரிக்குக் கணக்கு என்றால் பைத்தியம். பாம்பனில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றைக் கவனித்தாள். இரண்டை அதனாலேயே பெருக்கி, வந்ததை மறுபடி அதனாலேயே பெருக்கிக்கொண்டு போனால் 2, 4, 16, 256, 65536. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே வேறெதாலும் வகுபடாத பகா எண்கள். அடுத்தது 4294967297. அதுவும் அப்படித்தானா?

மதுரையில் ராமசுப்பிரமணியன் என்ற கணிதப் பேராசிரியருக்கு எழுதிக் கேட்டாள். "வகுபடுமா, படாதா? விடையோடு வாருங்கள். கல்லூரியில் இடம் என் பொறுப்பு" என்று பதில் வந்தது. ஐம்பத்தைந்தாம் வருஷத்துப் புயலில் புருஷன் சந்தியாகுவைக் கடல் கொண்டுபோயிருந்தது. இருபத்துநாலு வயதில் விதவையாக அந்தக் கரையிலேயே கிடந்து சாக அவளுக்கு மனமில்லை.

அந்த எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை, உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். ஆறாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாளைக்குப் பத்து என்று உட்கார்ந்தாள்.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்பாக. இங்கன பேனா முள்ளுதான் தேயுது" என்றாள் மாமியார் மிக்கேலம்மாள்.

பன்னிரண்டாம் நாள் 631 முடிந்தது. அடுத்தது 641. பேனா நின்றது. சந்தியாகு கடலுக்குப் போன வள்ளத்தின் எண் அது. பிரேதம் கரை ஒதுங்காதவரை அந்த எண்ணை வீட்டில் சொல்லவும் மாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள். எழுதினால் போனவன் திரும்பமாட்டானாம். படித்தவள்தான், நம்பவில்லைதான். ஆனாலும் கை வரவில்லை. ஆறாயிரத்தில் ஒன்று, இதுவா வந்து வகுக்கப்போகிறது என்று 643க்குத் தாண்டிவிட்டாள்.

இரண்டு வருஷம் ஓடிற்று. எதால் வகுத்தாலும் மீதி நின்றது. நோட்டுகளை மூட்டை கட்டி, "எல்லாவற்றாலும் வகுத்துவிட்டேன், வகுபடாது" என்று எழுதினாள். அந்த 'எல்லாவற்றாலும்' உறுத்தியது. உறுத்தியும் அனுப்பினாள்.

பத்தாம் நாள் கார்டு வந்தது. "641ஆல் மீதியின்றி வகுபடும். உங்கள் நோட்டில் அதை மட்டும் காணோம். செய்யாததைச் செய்ததாக எழுதுகிறவருக்கு இங்கே இடமில்லை."

சிலேட்டை எடுத்து வகுத்தாள். ஈவு 6700417. மீதி பூஜ்யம். ஐந்து நிமிஷ வேலை. பன்னிரண்டாம் நாளே பெட்டி கட்டியிருக்கலாம். ஆத்திரம் வந்தது. கடல்மேல் அல்ல, பேராசிரியர்மேல் அல்ல, தன்மேலேயே.

மிக்கேலம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. மகன் வள்ளத்தில் எழுதியிருந்த அந்த மூன்று இலக்கம் மட்டும் தெரியும். சிலேட்டைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவி, அழிடி அத! எம்மகன் இனி எப்பிடி வருவான்?"

ஜோதிமேரி அழிக்கவில்லை.

"அவரு வரமாட்டாரு மாமி. ரெண்டு வருசத்துக்கு முந்தியே இத எழுதியிருந்தா, நானாச்சும் போயிருப்பேன்."