நடுவில் நின்ற ஊசி

வேனின் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி துள்ளிப் போய் நடுவில் நின்றது. அவள் சாவியை அணைத்துவிட்டு மறுபடி திருப்பினாள். மறுபடியும் அதே நடு. எஞ்சின் இன்னும் ஸ்டார்ட் ஆகவே இல்லை. காலையிலிருந்து வாசலில் நின்று ஆறிப்போய், தொட்டால் பச்சைத் தண்ணீர் போலிருக்கிற எஞ்சினுக்கு இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? சில்லென்று கிடந்தால் ஊசி அடியில் அல்லவா படுத்திருக்க வேண்டும்?

காலையில் பாலத்து ஏற்றத்தில், வேன் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகும்போதுதான் பானட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. ஓரங்கட்டிப் பிள்ளைகளை இறக்கி, ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொல்லி நடைபாதையில் வரிசையாக நிறுத்துவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்த வழியாக வந்த வேறொரு பள்ளி வேன் டிரைவர் புண்ணியத்தில் எல்லாரையும் ஏற்றி அனுப்பினாள். இருப்பதிலேயே சின்னவள் மட்டும் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து, "வேன் அக்கா, நம்ம வண்டி செத்துப்போச்சா?" என்று கேட்டு அழுதாள். அப்போதும் ஊசி நடுவில்தான் இருந்தது. வழியெல்லாம் அந்த ஊசியைப் பார்த்துப் பார்த்துத்தானே ஓட்டினாள்.

கயிறு கட்டி வண்டியை இழுத்துப்போக அவள் கணவன் வந்தான். எலக்ட்ரீஷியன். ஊர் வீட்டு வயரிங் எல்லாம் அவன் கை பட்டது. வந்தவன் பானட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. அதற்குள் சின்னவளின் அம்மாவிடமிருந்து போன் வர, அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிப் பேசினான்.

"ஒண்ணுமில்லை மேடம், பயப்படாதீங்க. எல்லாம் இவ ஓட்டின ஓட்டு. எப்பப் பாத்தாலும் செகண்ட் கியர்லயே இழுத்துட்டுப் போவா, பழைய வண்டி எத்தனை நாள் தாங்கும்? நாளையிலிருந்து வேற டிரைவர் போட்டுடறேன்."

வீடு வீடாக ஏறி இறங்கி, சிரித்த முகமாகப் பேசி, ஒவ்வொரு பிள்ளையாகச் சேர்த்தவள் அவள். எந்தக் குழந்தைக்கு ஜன்னல் ஓரம் வேண்டும், எது வளைவில் வாந்தி எடுக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். ஒரே போனில் அத்தனையையும் தூக்கி வேறு யார் கையிலோ கொடுத்துவிட்டான். அதுவும் அவள் முகத்துக்கு நேராக.

வீட்டுக்கு வந்ததும் அவன் மின்விசிறியைப் போட்டுப் படுத்துவிட்டான். அவள் படுக்கவில்லை. வண்டி அவள் ஓட்டித்தான் கெட்டதென்றால் கெட்ட இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வீம்பாக இருந்தது. ஆறும்வரை பொறுத்து, மூடியின் மேல் துணியைப் போட்டுத் திருகித் திறந்தாள். ரேடியேட்டரில் பொட்டுத் தண்ணீர் இல்லை. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள், ஒழுகின சுவடு இல்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தாள், ஆயில் ஆயிலாகத்தான் இருந்தது, தண்ணீர் கலந்து வெளுக்கவில்லை. எஞ்சின் உள்ளே கெடவில்லை, அப்பாடா என்று மூச்சு வந்தது. பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து ரேடியேட்டர் விசிறிக்குக் கொடுத்தாள். விசிறி அசையக்கூட இல்லை. மோட்டார் போயிருக்கிறது. காற்று இல்லாமல் தண்ணீர் கொதித்து ஆவியாகவே போயிருக்கிறது. இதற்கும் செகண்ட் கியருக்கும் என்ன சம்பந்தம்?

அது புரிந்துவிட்டது. ஊசிதான் புரியவில்லை.

எஞ்சின் தலைமாட்டில் சூட்டைப் பார்த்து ஊசிக்குச் சொல்கிற சென்சார் இருக்கும். அதன் முனை மொட்டையாக இருந்தது. அதற்கு வர வேண்டிய வயர் வழியிலேயே மடங்கிப் பின்பக்கம் போனது. விரலை விட்டுத் தடவினாள். ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்து, மறுமுனையை வண்டியின் இரும்போடு சேர்த்து முடுக்கி, மேலே அழகாக டேப் சுற்றியிருந்தது. எஞ்சின் எரிந்தாலும் உறைந்தாலும் ஊசி நடுவிலேயே நிற்பதற்கான ஏற்பாடு.

பச்சை டேப்.

வீட்டு அயர்ன் பாக்ஸ் வயரில் இருப்பது அதே பச்சை. டிவி ரிமோட்டின் வயிற்றிலும் அதே பச்சை. எதுவாவது சத்தம் போட்டால் அவன் அதைச் சரி செய்ய மாட்டான், வாயை அடைத்துவிடுவான். காலிங்பெல் கரகரத்தபோது வயரைப் பிடுங்கிவிட்டான், வருகிறவர்கள் இன்றுவரை கதவை இடிக்கிறார்கள். அதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை. கோடை தொடங்கியபோது ஊசி ஏறுகிறது, ஏறுகிறது என்று தினமும் அவனிடம் சொன்னாள். பார்க்கிறேன் என்றான். ஒரு நாள் பார்த்தாச்சு என்றான். அதற்கப்புறம் ஊசி ஏறவே இல்லை. நல்லாப் பண்ணிட்டீங்க என்று அவள் வாயாலேயே பாராட்டினாள்.

டேப்பை உரித்து, ரெசிஸ்டரை வெட்டி எடுத்து, வயரைச் சென்சாரில் மாட்டினாள். ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு உள்ளே போய் மின்விசிறியை அணைத்தாள்.

"எந்திரிங்க. வண்டியில வந்து உக்காருங்க."

"என்னடி இப்ப?"

அவள் உள்ளங்கையை விரித்தாள். பச்சை டேப் சுருளைப் பார்த்ததும் அவன் தூக்கம் கலைந்தது. எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"உனக்காகத்தான் செஞ்சேன்" என்றான் கடைசியில். "ஊசியையே பாத்துப் பயந்துக்கிட்டு இருந்தே. வீட்டுக்கு வந்தாலும் அதே புலம்பல். கொஞ்சம் நிம்மதியா ஓட்டட்டுமேன்னுதான்..."

"யாருக்கு நிம்மதி?"

"லீவு விட்டதும் விசிறி மோட்டாரை மாத்திடலாம்னு இருந்தேன்."

"பின்னாடி பிள்ளைங்க இருந்துச்சுங்க. இது தெரிஞ்சுக்கிட்டேதான் அந்தம்மாகிட்ட நான் ஓட்டின ஓட்டுன்னு சொன்னீங்க."

"சத்தம் போடாத, தெருவுக்கே கேக்குது."

"கேக்கட்டும்!"

சட்டைகூடப் போடாமல் அவன் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான். அவள் சாவியைத் திருப்பினாள். ஊசி அடியில் படுத்திருந்தது. எஞ்சின் இரண்டு முறை திணறிப் பிறகு பிடித்துக்கொண்டது. வண்டி நியூட்ரலில், நின்ற இடத்திலேயே உறும, இருவரும் வேறெதையும் பார்க்காமல் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்ல அசைந்தது. கால்வாசி ஏறியது. இத்தனை நாள் பொய்யாக நின்ற இடத்தை உண்மையாகவே வந்து தொட்டது. நிற்கவில்லை. விசிறி சுற்றும் சத்தம் முன்னாலிருந்து வரவே இல்லை. ஊசி நடுவைத் தாண்டியது.

"போதும், ஆஃப் பண்ணு. பாத்தாச்சு."

"நான் எந்த கியர்ல இருக்கேன்?"

"ஏய், எஞ்சின் போயிடும்."

"எந்த கியர்ல இருக்கேன், சொல்லு."

அவனிடம் அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். சாவியை நோக்கி நீண்ட அவன் கையை அவள் மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களில் இருந்த கிரீஸ் அவன் கையிலும் அப்பியது.

அப்போது டாஷ்போர்டின் மேல் போன் அடித்தது. சின்னவளின் அம்மா. அவள் விரலால் தேய்த்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வேன் அக்கா? நாளைக்கு யாரு வராங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். பாப்பா வேற ஆளு வந்தா போக மாட்டேன்னு அழுவுது."

அவள் சாவியை அணைத்து, எஞ்சின் பிடிக்காத அளவுக்கு மட்டும் மறுபடி திருப்பி வைத்தாள்; ஊசி எழுந்து நின்றது. எஞ்சின் அடங்கிய அமைதியில் ரேடியேட்டருக்குள் தண்ணீர் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"இருங்க மேடம், இவரு சொல்வாரு" என்று போனை அவன் வாய்க்கு நேராக நீட்டிப் பிடித்தாள்.

"ஹலோ? ஹலோ? கேக்குதா?"

அவன் ஊசியைப் பார்த்தான். சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றிருந்தது. அவள் கையை இறக்கவில்லை.