நான்காவது மெஷின்

இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தன. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். கண்ணாடி என்ன செய்யும் பாவம், திரையில் இருந்ததைத்தான் காட்டியது. நான்காவது சர்வர் மெஷினிடம் நேராக 'உன் கெர்னலின் எண் என்ன?' என்று கேட்டால் வருகிற எண்ணும், அதற்குள்ளே தனியாகப் பூட்டி வைத்ததாக அவர் நம்பிக்கொண்டிருந்த அறைக்குள் போய் அதே கேள்வியைக் கேட்டால் வருகிற எண்ணும் கடைசிப் புள்ளிவரை ஒன்று. காலை பத்தரை மணி. பக்கத்து மேஜையில் யாரோ எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா என்பது ஆபீஸ் வைத்த பெயர். நாற்பத்தாறு வயதுதான், ஆனால் மேனேஜர் உட்பட அங்கே அவரைவிட மூத்தவர் யாருமில்லை. எல்லோரும் முறை சொல்லிக் கூப்பிடுவார்கள், அந்த உரிமையிலேயே வேலையையும் தலையில் கட்டுவார்கள். இந்தக் கிளஸ்டர் என்கிற மெஷின் கூட்டத்தைக் கவனிக்கும் வேலையும் போன வருஷம் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஐந்து வாடகை மெஷின்கள், அவற்றில் நாற்பது வாடிக்கையாளர்களின் மென்பொருள். ஒருவருடைய மென்பொருளை அடைத்து ஓட்டுகிற வழக்கமான கன்டெய்னர் என்றால் ஒரே கூடத்தில் திரை கட்டிப் பல குடித்தனம் வைக்கிற மாதிரி. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து மெஷினை நடத்துகிற கெர்னல் அத்தனை பேருக்கும் பொது. கெட்டிக்காரன் ஒருவன் நினைத்தால் பக்கத்துத் திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிடலாம். அதனால்தான் கன்டெய்னர்களை ஓட்டுகிற ரன்டைமை ஹைப்பர்வைசர் வகையாகப் போடச் சொன்னார்கள். அதில் ஒவ்வொரு கன்டெய்னரும் தனக்கென்று ஒரு குட்டி மெஷினும் ஒரு கெர்னலும் வைத்துக்கொண்டு ஓடும். திரைக்குப் பதில் சுவர். சுவர் இருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம். உள்ளே ஓர் எண்ணும் வெளியே வேறோர் எண்ணும் வர வேண்டும்.

அந்தப் பரீட்சையை முதல் மெஷினில் வைத்தார், பாஸ். இரண்டாவதும் பாஸ். மற்ற மூன்றும் மக்கர் பண்ணின. வாடகைக்குக் கொடுத்தவர்கள் அந்த மூன்றில் மட்டும் மெஷினுக்குள் மெஷின் ஓடுகிற வசதியைத் திறந்துவிடவில்லை. எழுதிக் கேட்டால் பதில் வர இரண்டு நாளாவது ஆகும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு மேனேஜர் மேலிடத்துக்குக் காட்ட வேண்டும். சித்தப்பா ஒரு காரியம் செய்தார். இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு மட்டுமே தோன்றுகிற காரியம். அந்த மூன்று மெஷின்களின் அமைப்புக் கோப்பில், புது ரன்டைமின் பெயருக்கு நேரே பழைய ரன்டைமை எழுதிவிட்டார். பெயர்ப்பலகை புதுசு, உள்ளே பழைய ஆள். 'தற்காலிகம், நாளை மாற்ற வேண்டும்' என்று பக்கத்திலேயே தனக்கு ஒரு குறிப்பும் வைத்தார். மூன்று மணிக்கு ஐந்தும் பச்சை காட்டின. கை தட்டினார்கள். அதன்பிறகு வேறு வேலை, வேறு அவசரம். அந்த நாளை பதினோரு மாதமாக வரவே இல்லை.

இன்றைக்குக் கெர்னலைப் புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. அதற்காக அறை அறையாக எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தவர் கண்ணில்தான் இது பட்டது. பட்ட இடமும் சாமானிய இடமா? அவருடைய சொந்த அக்காவின் கிளினிக்.

அக்கா மனநல ஆலோசகர். தன்னிடம் வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி இரும்பு அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டிருந்தவள். "இந்தக் காலத்துல போய் நோட்டா அக்கா? என்கிட்ட குடு. ஒவ்வொருத்தருக்கும் தனி ரூம், தனிச் சுவர். நானே நெனச்சாலும் பக்கத்து ரூமுக்குள்ள போக முடியாது" என்று ஒற்றைக் காலில் நின்று கொண்டுவந்தவர் இவர்தான். பதினோரு வருஷத்து நோட்டுகளையும் கிளினிக்கின் ஒரே ஊழியரான டைப்பிஸ்ட் அம்மா உட்கார்ந்து ஏற்றினார். ஐம்பது வயது, யாருடைய நோட்டை அடிக்கிறாரோ அவர் எதிரில் வந்தால் முகத்தைக்கூடப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்கிற மனுஷி.

இரண்டு மாதத்துக்கு முன்னால், அக்காவிடம் வந்துகொண்டிருந்த ஒருத்தி குழந்தைகள் காப்பகத்தில் வேலை கேட்டுப் போனாள். பிரசவமான புதிதில் குழந்தையோடு தனியாக இருக்கவே பயமாக இருக்கிறது என்று அவள் அக்காவிடம் அழுதிருந்தாள். அதே வார்த்தைகளைப் படித்துக் காட்டி, வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவள் கிளினிக் வாசலில் நின்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. அக்கா உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "எங்க பக்கத்துலேருந்து போக வாய்ப்பே இல்லக்கா. சுவர் இருக்கு. உங்க ஆளுங்க யாராவதுதான் வாய விட்டுருக்கணும்" என்றார் அவர். உங்கள் ஆட்கள் என்றால் யார்? இருந்ததே ஓர் ஆள். மறுநாளே அக்கா டைப்பிஸ்ட் அம்மாவை அனுப்பிவிட்டாள். அவருடைய கணக்கை முடக்கிய கையும் சித்தப்பாவின் கைதான்.

இப்போது பழைய பதிவுகளைத் தோண்டினார். அரை மணி நேரத்தில் தடம் கிடைத்துவிட்டது. நான்காவது மெஷினிலேயே பக்கத்துக் குடித்தனம், வேலைக்கு வருகிறவர்களின் பூர்வோத்திரத்தை விசாரித்துச் சொல்கிற ஒரு கம்பெனி. அங்கிருந்து யாரோ திரையை விலக்கி, அக்காவின் கோப்புகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் போயிருந்தார்கள். அடப்பாவி மனுஷா, ஒரே ஒரு வரி.

அவர் போய்ச் சொன்னதைக் கேட்ட மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "சித்தப்பா, யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? சத்தமில்லாம மாத்திட்டு வேலையப் பாருங்க."

"ஒரு அம்மாவுக்கு வேலை போயிருக்கு சார். செய்யாத தப்புக்கு."

"வெளிய சொன்னீங்கன்னா, பண்ணது நீங்கன்னுதான் நானும் சொல்வேன். அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

"பண்ணது நான்தானே சார்" என்று சொல்லிவிட்டு, அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே கீழே இறங்கிப் போனார்.

கிளினிக்கில் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜைமேல் உறை போட்ட கீபோர்டு அப்படியே இருந்தது. சித்தப்பா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். திட்டுவாள், டப்பாவைத் தூக்கி அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. அவள் டப்பாவை மூடினாள்.

"நீ சொன்னேன்னுதான்டா, நீங்களா வெளிய சொன்னீங்கன்னு அவங்கள நான் கேட்டேன்" என்றாள். "எல்லா ஃபைலையும் இன்னைக்கே எடுத்துக் குடுத்துடு. உன்கிட்ட ஒண்ணுகூட இருக்கக் கூடாது" என்றாள். பிறகு, யார் யாருடைய பதிவுகள் போயின என்று பட்டியல் கேட்டாள். ஒவ்வொருவரையும் தானே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றாள். எல்லோருடையதும்தான் என்றார் அவர்.

இருவரும் டைப்பிஸ்ட் அம்மாவின் வீட்டுக்குப் போனார்கள், மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. அக்கா இரண்டு படி பின்னாலேயே நின்றுகொண்டாள். கதவைத் திறந்த அந்த அம்மா ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி, சித்தப்பா சொன்னதை முழுக்கக் கேட்டார். ரன்டைம், கெர்னல் என்று அவர் உளறியதைக்கூடக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ரெண்டு எடத்துல வேலை கேட்டேன் தம்பி" என்றார் கடைசியில். "விசாரிச்சுட்டுச் சொல்றோம்னாங்க. விசாரிச்சாங்க. ரகசியத்த வெளிய விட்டதால நிப்பாட்டுனதுன்னு எழுதி வந்துருக்காம்."

யாரை வைத்து விசாரித்திருப்பார்கள் என்று சித்தப்பாவுக்குத் தெரியாது. தெரியாதா என்ன, நான்காவது மெஷினின் பக்கத்துக் குடித்தனம்தான் என்று நெஞ்சுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"நான் எழுதித் தர்றேம்மா. தப்பு என்னுதுன்னு எல்லாருக்கும் எழுதித் தர்றேன்."

"எழுதுங்க" என்றார் அந்த அம்மா. அதில் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. அவரைத் தாண்டிப் படிக்கட்டில் நின்ற அக்காவைப் பார்த்தார். "பூட்டு இல்லன்னு உங்களுக்குத் தெரியல, சரி. பதினோரு வருஷம் ஒரே ரூம்ல இருந்தோமே மேடம். நீங்க ஒரு நிமிஷம் யோசிக்கலையே."

அக்கா ஒரு படி மேலே ஏறினாள். கதவு சத்தமில்லாமல்தான் சாத்திக்கொண்டது, சாத்துகிறவருக்கு அந்த அளவு மரியாதை அப்போதும் இருந்தது.

சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பி, மெஷினுக்குள் மெஷின் ஓடுகிற அந்த வசதியைத் திறந்துவிடச் சொல்லி வாடகைக்குக் கொடுத்தவர்களுக்கு எழுதினார். இருபது நிமிஷத்தில் பதில் வந்தது. 'செய்தாயிற்று, வேறு உதவி வேண்டுமா?' இருபதே நிமிஷம்! அவருக்குச் சிரிப்பு வந்தது; அதை யாராவது பார்த்திருந்தால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். அக்காவின் கோப்புகளை அவளுக்கு அனுப்பினார், இங்கே இருந்தவற்றை அழித்தார். மூன்று மெஷின்களிலும் 'தற்காலிகம்' என்ற குறிப்பையும் அதன் பக்கத்தில் இருந்த வரியையும் நீக்கிவிட்டு, அங்கே புது ரன்டைமை எழுதினார். அறைகள் ஒவ்வொன்றாக மூடி, ஒவ்வொன்றாகத் திறந்தன.

கிளினிக்கின் அறைக்குள் போய்க் கேட்டார். ஓர் எண் வந்தது. வெளியே வந்து கேட்டார். வேறு எண். பக்கத்துக் குடித்தனத்திலிருந்து முட்டிப் பார்த்தார், ஓர் எறும்பு நுழைய வழியில்லை. உள்ளே இருந்த பதிவுகளை எண்ணச் சொன்னார். பூஜ்யம் என்றது.

மேனேஜர் வரச் சொன்னதாக யாரோ வந்து சொன்னார்கள். இதோ என்றார். அந்த அறையைப் பயன்படுத்துகிறவர்களின் பட்டியலைத் திறந்து, இரண்டாவதாக இருந்த டைப்பிஸ்ட் அம்மாவின் பெயருக்கு நேரே தான் போட்ட தடையை எடுத்துவிட்டார். கடைசியாக வந்து அறுபத்தொரு நாள் ஆகிறது என்று காட்டியது. ஆள் உள்ளே வந்தால் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் சாம்பல் புள்ளி பச்சையாகும். சித்தப்பா எழுந்திருக்கவில்லை. திரை மங்கத் தொடங்கும்போதெல்லாம் மவுஸை லேசாக நகர்த்தி, அந்தச் சாம்பல் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.