சுருக்கெழுத்தம்மாவின் சாட்சி

சட்டசபையில் சுருக்கெழுத்தராக இருந்தவளை எல்லோரும் சுருக்கெழுத்தம்மா என்றே கூப்பிட்டார்கள். உறுப்பினர்கள் பேசப் பேச எழுதுவது அவள் வேலை. அவள் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. வீட்டிலும் அதற்கு அவசியம் இருக்கவில்லை. முடிதிருத்தும் கடை வைத்திருந்த கணவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் சாட்சி சொல்ல வரும்படி நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது.

நடந்தது இதுதான். சபைக் கட்டடத்தின் மேல்மாடியில் லிஃப்ட் நிரம்பி வழிந்தது. மீசைக்காரர் என்று பெயர் வாங்கியிருந்த ஆளுங்கட்சி உறுப்பினர் உள்ளே நுழையப் பார்த்தார். லிஃப்ட்காரர் வெளியே வந்து, "அடுத்த தடவை வாங்கய்யா, இதுக்கு மேல தாங்காது" என்று கையைக் குறுக்கே நீட்டினார். அதற்குள் உள்ளே யாரோ பொத்தானை அமுக்க, லிஃப்ட் கிளம்பிவிட்டது. ஆத்திரத்தில் மீசைக்காரர் பிடித்துத் தள்ளியதில் லிஃப்ட்காரர் படிக்கட்டில் உருண்டார். தோள் எலும்பு முறிந்தது. வராந்தாவில் தேநீர்க் கோப்பையோடு நின்ற சுருக்கெழுத்தம்மாவைத் தவிர அதைப் பார்த்தவர் இல்லை.

"கால் தடுக்கி விழுந்தான்" என்றார் மீசைக்காரர். போலீஸ் வழக்குப் போட்டது.

ஆனால் சபை ஊழியர் சபைக்குள் பார்த்ததை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டுமென்றால், சபையே தீர்மானம் போட்டு அனுமதிக்க வேண்டும் என்பது விதி. சம்மனோடு கடைக்கு வந்தவள் இதைச் சொன்னதும், கணவர் ஒருவருடைய தாடியைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

"தள்ளினவரும் உக்காந்து ஓட்டுப் போடுற இடத்துல, தள்ளினதைச் சொல்லலாமான்னு அனுமதி கேக்கணுமா?"

"ஆமாங்க."

"நமக்கெதுக்கும்மா வம்பு? ஞாபகம் இல்லைன்னு சொல்லிடேன்."

"ஞாபகம் இருக்கே."

"அதானே, இருக்கறதை எப்படி இல்லைன்னு சொல்றது?" என்றார் பாதித் தாடிக்காரர். கணவர் திரும்பி மீதித் தாடியை மழிக்க ஆரம்பித்தார். அவர் வாயை மூடிக்கொண்டு வேலை செய்ததை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

தீர்மானம் சபைக்கு வந்த நேரத்தில் எழுதும் முறை அவளுடையதாகவே அமைந்தது. கூட வேலை பார்த்தவர், "நீங்க வெளிய இருங்கக்கா, நான் எழுதிக்கிறேன்" என்றார். "என் முறைதானே தம்பி" என்று போய் உட்கார்ந்துவிட்டாள்.

தன்னைப் பற்றிய விவாதத்தைத் தானே எழுத வேண்டியிருந்தது. "நேர்மையான ஊழியர்" என்றது எதிர்க்கட்சி. எழுதினாள். "மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு அத்தனை தூரம் தெரிந்திருக்குமா?" என்றது ஆளுங்கட்சி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதையும் எழுதினாள். "இன்றைக்கு லிஃப்ட், நாளைக்கு நாம் கழிப்பறையில் பாடுவதற்கும் சாட்சி வருமா?" என்றார் இன்னொருவர். சபை சிரித்தது. 'சிரிப்பு' என்று அடைப்புக்குறிக்குள் எழுதினாள்.

பிறகு மீசைக்காரரின் நண்பர் எழுந்தார். "இந்த அம்மாவுக்குச் சாட்சி சொல்ல விருப்பமே இல்லை. என்னிடமே அழுதார். ஒரு குடும்பப் பெண்ணை ஏன் வதைக்கிறீர்கள்?"

அவள் அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசியது கிடையாது. காதெல்லாம் சூடாகிவிட்டது. இருந்தாலும் அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதி முடித்தாள். அப்புறம் நிமிர்ந்து சபாநாயகரைப் பார்த்து, 'இல்லை' என்று தலையை ஆட்டினாள்.

சபாநாயகர் பார்த்துவிட்டார். சபையில் ஊழியர் பேசக் கூடாது. தலையாட்டலாமா என்று விதியில் எதுவும் இல்லை. சபையைச் சற்று ஒத்திவைத்துவிட்டு அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"நீங்க அழுதீங்களாம்மா?"

"இல்லைங்கய்யா."

"சாட்சி சொல்ல விருப்பம் இல்லையா?"

"இருக்குங்கய்யா. இதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கலை."

திரும்பி வந்த சபாநாயகர் அந்த இரண்டு பதில்களையும் சபைக்கு வாசித்தார். நண்பர் தலைகுனிந்து எதையோ தேடுவதுபோல் மேசைக்கடியில் பார்த்தார். ஆதரிப்போர் குரல் கொடுக்கலாம் என்றதும், 'ஆம்' என்று எழுந்த சத்தம் எதிர்க்கட்சியின் தலைக்கணக்கைவிடப் பெரிதாக இருந்தது. லிஃப்ட்காரர் படுத்ததிலிருந்து லிஃப்ட் ஓடாமல் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஆளுங்கட்சிக்காரர்களும் அதில் உண்டு என்று பிறகு கேலி பேசினார்கள். முன்வரிசையில் மீசைக்காரரின் கட்சியைச் சேர்ந்த ஒரு மூத்த பெண் உறுப்பினர், அவரை நேராகப் பார்த்தபடியே 'ஆம்' சொன்னதை அவள் கவனித்தாள். குரல் வாக்கெடுப்பில் யார் சொன்னார்கள் என்று எழுதுவதில்லை. 'தீர்மானம் நிறைவேறியது' என்று மட்டும் எழுதினாள்.

நீதிமன்றக் கூண்டில் முதலில் குரல் எழும்பவில்லை. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி. கீழே தட்டச்சர் விரல் ஓடாமல் தவிப்பதைப் பார்த்தாள். தொழில் பாசம், அவருக்காக ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று நின்று சொன்னாள். அவளுக்கும் அது மூச்சுவிட இடம் கொடுத்தது.

"டீ குடிச்சிட்டிருந்த நீங்க அவர் தள்ளினதை எப்படிப் பாத்தீங்க?" என்று மடக்கினார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"டீ வாயாலதானேங்க குடிக்கிறோம்" என்றாள் அவள். வேண்டுமென்றே சொன்னதல்ல. நீதிபதி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தீர்ப்பு மீசைக்காரருக்குப் பாதகமாக வந்தது. சிறைத் தண்டனை கிடைத்தது, பதவியும் போனது. லிஃப்ட்காரர் தோளில் கட்டோடு வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, எனக்காக இவ்வளவு தூரம்..."

"பாத்ததைச் சொன்னேன் தம்பி. கை எப்படி இருக்கு?"

அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த கணவர், வீடு திரும்பும் பேருந்தில் நடத்துநரிடம் தொடங்கி முழுப் பேருந்துக்கும் கதை சொன்னார். "என் வீட்டுக்காரி சொன்ன பதில்ல வக்கீல் மயக்கம் போட்டு விழுந்துட்டார்!"

"விழலைங்க," என்றாள் அவள், பின்சீட்டுக்கும் கேட்கும்படி. "தண்ணி வாங்கிக் குடிச்சார், அவ்வளவுதான்."