கிந்தாவேணியைப் பார்க்கப் போனவர்கள்

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்துவிட்டால் செல்லாயிக்கு அடுப்பு நினைப்பே இருக்காது. கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிற வரைக்கும் பால்மரம் சீவியவள். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் இந்தப் பலகை வீட்டில் குடியேறிய பிறகு, கதை படித்துக் காட்டுவது இளைய மருமகள் நல்லம்மாளின் வேலையாகிவிட்டது.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். பேராக் மாநிலத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் அப்போது கிந்தாவேணி பைத்தியமாக இருந்தார்கள். "கிந்தாவேணி, ஈப்போ" என்று மட்டும் பெயர் போட்டு ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. தோட்டத்து மருமகள் ஒருத்தி. குடித்துவிட்டு அடிக்கும் புருஷன். அவன் அடிக்கும்போது பக்கத்து வீட்டார் ஓடிவந்து தடுத்துவிடக் கூடாதே என்று, கதவை வெளியே பூட்டிவிட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைக்கும் மாமியார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு விடியற்காலையில் பஸ் ஏறிவிடுகிறாள்.

"அந்த மாமியாக்காரி நல்லா இருப்பாளா? கட்டையில போறவ!" என்று செல்லாயி மூக்கைச் சிந்துவாள். "படி, படி. ஏன் நிறுத்திட்டே?"

நல்லம்மாள் மேலே படிப்பாள். அந்தத் தொடரை எழுதும் கிந்தாவேணி அவள்தான். முறத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தவள் இதோ, ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறாள்.

பஸ் ஏறியவள் காளியம்மா, அந்த வீட்டு மூத்த மருமகள். அடித்தவன் இராமசாமி, செல்லாயியின் மூத்த மகன், நல்லம்மாளுக்கு மச்சாண்டார். அவன் இன்னும் இதே வீட்டில்தான் இருக்கிறான். தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான். காளியம்மா எவனோ லாரிக்காரனோடு ஓடிவிட்டாள் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவள் எவனோடும் ஓடவில்லை. ஹுத்தான் மெலிந்தாங் என்ற மீன்பிடி ஊரில் மீன் முதலாளி தவுக்கே ஒருவரிடம் கருவாடு காயவைக்கும் வேலை பார்த்து, மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். அந்த விடியற்காலையில் அவளுடைய துணிமூட்டையைப் பஸ்ஸில் தூக்கி வைத்தது நல்லம்மாள். இது அந்த இரண்டு பெண்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நல்லம்மாளின் புருஷன் ஜெயபாலனிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. ஜெயபாலன் நல்லவன்தான். அண்ணன் குரல் உயர்ந்தால் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுகிற நல்லவன்.

இத்தனை பயப்படுகிறவள் எதற்காக எழுதினாள் என்று கேட்கலாம். எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். சொல்ல ஆளில்லாத விஷயம் வயிற்றுக்குள் கிடந்து புரண்டுகொண்டே இருந்தது. மாமியார் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிற காலை வேளையில் அடுப்படியில் உட்கார்ந்து எழுதினாள். தன் மகளைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போகிற சாக்கில் தபாலில் போட்டாள். அனுப்புகிறவர் முகவரி எழுதவில்லை. யாரோ நாலு பேர் படிப்பார்கள், மனம் கொஞ்சம் ஆறும் என்றுதான் நினைத்தாள். ஊரே உட்கார்ந்து அழும் என்று கனவா கண்டாள்?

ஊர் அழுததோடு நிற்கவில்லை, நேரில் பார்க்க வேண்டும் என்று கிளம்பியது. வாசகர் கடிதங்களில் வாராவாரம் இதே பாட்டுதான். தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு பெண், கிந்தாவேணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழ வேண்டும் என்று எழுதியிருந்தாள். லூமுட்டிலிருந்து ஒருவர், தமக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார். இதையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டும்போது நல்லம்மாளுக்கு உச்சி குளிரும். ஆனாலும் முன்னறையில் இராமசாமி இருக்கிறானா இல்லையா என்று காது அங்கேயே கிடக்கும்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதை எழுதியும் வைத்துவிட்டாள், தபாலில் சேர்க்கவில்லை. அதில் மருமகள் திரும்பி வருகிறாள், மாமியார் கட்டிப்பிடித்து அழுகிறாள், புருஷன் குடியை விடுகிறான். எழுதும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இப்படி முடித்துவிட்டால் இது வேறு ஏதோ வீட்டுக் கதை என்று ஆகிவிடும், யாரும் தன் பக்கம் திரும்ப மாட்டார்கள் என்று கணக்குப் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஈப்போ வாசகர் வட்டம் ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்தது. கிந்தாவேணி எங்கிருந்தாலும் மேடைக்கு வந்து பொன்னாடை ஏற்க வேண்டும் என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள்.

"போலாம். நான் அந்தம்மாவப் பாத்தே ஆவணும்லா," என்றாள் செல்லாயி.

"எதுக்கு அத்தை, கூட்டத்துல உங்களுக்கு மூச்சு வாங்கும். சுசாலா, கஷ்டம்," என்று நல்லம்மாள் இழுத்தாள்.

முன்னறையிலிருந்து இராமசாமி எழுந்து வந்தான். "போங்க. நான் வேன்ல கொண்டு போறேன்."

நல்லம்மாள் கையிலிருந்த மங்குக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பெற்ற தாயை ஆஸ்பத்திரிக்குக்கூட ஏற்றிப் போகாதவன். பேப்பரில் குதிரைப் பந்தயத்தைத் தவிர எதையும் பார்க்காதவன்.

"கோப்பிக் கடையில பயலுவோ சிரிக்கிறானுங்க," என்றான், யாரையும் பார்க்காமல். "என் வூட்டுக் கதையாம் அது. அந்தப் பொம்பளைகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை கேக்கணும்."

சத்தம் போட்டிருந்தால் நல்லம்மாள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அவன் மெதுவாகப் பேசினான். காளியம்மாவை அடிக்கும் முன்பும் அவன் மெதுவாகத்தான் பேசுவான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை அவளுக்கு. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசித்தாள். படுத்துவிட்டால், அங்கே அவன் யாரிடம் என்ன கேட்கிறான் என்பது எப்படித் தெரியும்? மகளை ஜெயபாலனிடம் விட்டுவிட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

சங்கத்து மாடி மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. பெரும்பாலும் பெண்கள். தலை நிறையப் பூவும் கையில் பேப்பர் துண்டுகளுமாக வந்திருந்தார்கள். கிந்தாவேணி கறுப்பா சிவப்பா, டீச்சரா நர்ஸா என்று அவர்கள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்ததை நல்லம்மாள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இராமசாமி உட்காரவில்லை. பின்சுவரில் சாய்ந்து நின்றான். முதுகில் அவன் பார்வை இருப்பதாகவே அவளுக்குப் பட்டது.

செயலாளர் பழனியப்பன் ஒலிபெருக்கியைத் தட்டினார். "உங்கள் ஆசை நிறைவேறிவிட்டது. எழுத்தாளர் கிந்தாவேணி வந்திருக்கிறார்!"

நல்லம்மாள் நிமிர்ந்தாள். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எழுந்து ஓடிவிடலாமா என்று நாற்காலியைப் பிடித்தாள். அதற்குள் மேடைக்குப் பின்னாலிருந்து, பட்டுப்புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக ஓர் அம்மாள் கைகூப்பிக்கொண்டு வந்தாள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நல்லம்மாளும் தட்டினாள். அப்பாடா என்று மூச்சு வந்தது. அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் வயிறு எரிந்தது. என் பொன்னாடையை எவளோ போர்த்திக்கொள்கிறாளே! பயந்து சாகிறவளுக்கும் பொறாமை வரும் என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

கேள்வி நேரம் வந்ததும் செல்லாயி முதல் ஆளாக எழுந்தாள். "அம்மா, அந்தப் பொண்ணு திரும்பி வருவாளா?"

"வருவாள் அம்மா, கண்டிப்பாக வருவாள்," என்றாள் பட்டுப்புடவை. கதை எப்படி முடியும் என்று அவளுக்கு என்ன தெரியும்? இருந்தும் நல்லம்மாள் எழுதி வைத்திருந்ததையே சொல்லிவிட்டாள். பொய் சொல்ல வருகிற எல்லோரும் அந்த முடிவைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. மண்டபம் மறுபடியும் தட்டியது. செல்லாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இப்ப அவ எங்க இருக்கா? அதச் சொல்லுங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவ்வளவு ஆர்வமான ஆண் வாசகர் என்று நினைத்துக்கொண்டார்கள். பட்டுப்புடவையும் சிரித்து மழுப்பினாள். இராமசாமி சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்து கையெழுத்துக்கு முண்டியடித்தபோது நல்லம்மாள் அவனையே கவனித்துக்கொண்டிருந்தாள். அவன் முண்டியடிக்கவில்லை. மாடிப்படி அருகே போய் நின்றான். அந்த அம்மாள் கைப்பையோடு இறங்க வந்ததும் படியை அடைத்துக்கொண்டு கையைக் கம்பியில் வைத்தான்.

"காளியம்மா எங்கே?"

"யாருங்க அது?"

"என் பொண்டாட்டி. என் வூட்டுக்குள்ள நடந்தது ஒனக்கு எப்படித் தெரியும்? அவ சொல்லாம தெரியுமா? எங்க வச்சிருக்கே அவள?" குரல் மெதுவாகத்தான் இருந்தது. அந்த அம்மாளின் மணிக்கட்டை மட்டும் இறுக்கிப் பிடித்துவிட்டான்.

அவள் முகம் வெளுத்தது. "ஐயோ, நான் எழுதலீங்க! நான் தைப்பிங்ல டீச்சர். எழுத்தாளர் வரலே, சும்மா நின்னுட்டுப் போங்கன்னு செயலாளர்தான் கெஞ்சினாரு. சத்தியமா நான் இல்லீங்க!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க." அவன் மணிக்கட்டைத் திருகினான். டீச்சர் வலியில் கத்தினாள்.

நல்லம்மாள் பத்தடி தள்ளி நின்றாள். வாயைத் திறந்தால் தன் கதை முடிந்தது. தன்னோடு போனால்கூடப் பரவாயில்லை, அடித்துக் கேட்டால் ஹுத்தான் மெலிந்தாங் என்ற பெயர் தன் வாயிலிருந்து வந்துவிடுமோ என்பதுதான் அவளைக் கொன்றது. வாயைத் திறக்காவிட்டால் சம்பந்தமில்லாத ஒருத்தியின் கை முறியப் போகிறது. கால் தானாக நடந்தது.

"மாமா, விடுங்க அவங்கள," என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது குரல். "அவங்க எழுதல. எழுதினது..."

"நான்தான் சொன்னேன்டா."

செல்லாயி நல்லம்மாளைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

இராமசாமி திரும்பினான். "நீயா? ஒனக்கு ஆனா ஆவன்னா தெரியுமா?"

"எழுத்துத் தெரியாதுடா. வாய் இருக்குல்ல? நான் சொன்னேன், எவளோ கேட்டு எழுதிட்டா. கதவ வெளிய பூட்டிட்டு ஒக்காந்திருந்தவ நான்தானே? உள்ள நடந்ததெல்லாம் என் காதுலதானே விழுந்துச்சு? காளியம்மா சொன்னாத்தான் தெரியணுமா?"

படியைச் சுற்றி நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இத்தனை வாரமாக அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சபித்த மாமியார், எலும்பும் தோலுமாக, ரப்பர் செருப்போடு எதிரே நிற்கிறாள். ஒருத்தி கையிலிருந்த பேப்பரைப் பார்த்தாள், பிறகு கிழவியைப் பார்த்தாள். செல்லாயி ஒருவரையும் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தாள்.

இராமசாமி கையை ஓங்கினான். தாயென்று பார்க்கவில்லை. ஆனால் அங்கே பூட்டிய கதவு எதுவும் இல்லை. அத்தனை பெண்களும் பழனியப்பனும் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ போலீஸ் என்றார்கள். அவன் டீச்சரின் கையை விட்டான். எச்சிலைத் துப்பிவிட்டுப் படியிறங்கிப் போனான். கீழே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

டீச்சர் அழுதுகொண்டே பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். யாரும் அதை எடுக்கவில்லை.

மாமியாரும் மருமகளும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வெயில் கொளுத்தியது. வீட்டில் இனி என்ன நடக்குமோ என்று நல்லம்மாள் யோசித்துக்கொண்டே வந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே எங்காவது போய்விட வேண்டியதுதானா? நிழலில் உட்கார்ந்த பிறகு செல்லாயிதான் முதலில் பேசினாள்.

"நீதானே எழுதுனே?"

பொய் சொல்ல நல்லம்மாளிடம் தெம்பில்லை. "ஆமா அத்தை. எப்படித் தெரியும்?"

"கதவு பூட்டுற எடத்துல பேப்பரப் பாக்காமயே படிச்சியேடி."

"அப்பவே தெரியுமா? அப்புறமும் ஏன் அந்த மாமியாரத் திட்டுனீங்க?"

"அவளத் திட்ட இந்த வூட்டுல வேற யாரு இருக்கா?" என்றாள் செல்லாயி. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ எங்க இருக்கான்னு நான் கேக்கல. சொல்லாதே. நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காங்க."

"பய?"

"ஸ்கூலுக்குப் போறான் அத்தை."

"ஒன் கதைய அவ படிக்கிறாளா?"

"வாரா வாரம் படிக்கிறாங்க."

"கடைசியில என்ன எழுதியிருக்கே?"

"திரும்பி வர்ற மாதிரி," என்றாள் நல்லம்மாள். சொல்லும்போது அவளுக்கு முகம் சுட்டது. "பயத்துல அப்படி எழுதிட்டேன். நீங்களும் இன்னைக்கு அதத்தானே கேட்டீங்க?"

"வருவான்னு யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. கேட்டுட்டேன். அப்புறம் அவன் அந்த டீச்சரு கையத் திருகுறதையும் பாத்துட்டேன்ல."

பஸ் வந்தது. செல்லாயி எழுந்திருக்கவில்லை. நல்லம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத மாத்திடு. நான் கூப்புட்டாலும் வர வேணாம்னு எழுது."