தொட்டியம் ஒன்பது கிலோமீட்டர் கிட்டே வந்தபோது

1

இந்தக் கதை ஒருத்தர் என்னைத் திட்டியதில் இருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் தெரிந்து நீங்கள் கோபப்படுவதற்கு இது மேல்.

என் பெயர் பிரேமலதா. ஸ்ரீரங்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறேன். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கதை எழுதுவேன். முதலாளிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். பதினான்கு வருஷத்தில் "உங்க கண்ணு நல்லா இருக்கு" என்று நான் சொன்னவர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஒருத்தர் மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நல்லா இருக்குன்னு சொல்றதுக்கா மேடம் இவ்வளவு படிச்சிட்டு வந்தீங்க?"

எனக்கும் கோபம் வந்தது. ஏன் வராது? கண் கெடவில்லை என்றதற்குத் திட்டு வாங்குகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

2

அவரை எப்படி அறிமுகம் செய்வது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"இருளைக் கிழித்துக்கொண்டு அந்த லாரி சீறிப் பாய்ந்து

[அடித்துவிட்டேன். வாழைத்தார் ஏற்றிய லாரி சீறாது. தவிரவும் அது காலை எட்டு மணி, நல்ல வெயில்.]

"ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகளில் ஓடிய ரேகைகள்

[இதுவும் வேண்டாம். கையைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு மூன்று பக்கம் போகும், வண்டி கிளம்பவே கிளம்பாது.]

சரி, நேராகவே சொல்கிறேன். அவர் பெயர் தர்மராஜ், வயது ஐம்பத்திரண்டு. தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றி, முசிறி, குணசீலம் வழியாகக் காந்தி மார்க்கெட் மண்டிக்குக் கொண்டுவந்து இறக்குவார். இருபத்தாறு வருஷமாக அதே சாலை. வண்டி அரவிந்தன் என்கிற மண்டிக்காரருடையது. தர்மராஜ் அறுபதைத் தாண்ட மாட்டார். பின்னால் வருகிறவன் ஹாரனைப் போட்டு அலறினாலும் அறுபதுதான்.

என்னிடம் வருவதற்கு நான்கு நாள் முன்னால் குணசீலம் தாண்டி, பால்கேன் கட்டிய மொபெட்டில் ஓர் அம்மா குறுக்கே திரும்பிவிட்டார். மீட்டரில் முள் அறுபதில் இருந்தது. தர்மராஜ் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. தாண்டிப் போய், தாண்டிப் போய், கடைசியில் பம்பருக்கும் பால்கேனுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்போது நின்றது. அந்த அம்மா நாலு வார்த்தை வைதுவிட்டுப் போய்விட்டார். இவர்தான் இறங்கிச் சாலையோரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

3

இரண்டாம் தடவை வந்தபோது மனைவி மயிலம்மாளும் கூட வந்தார். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆசையைப் பாருங்கள்!

"இன்னொருவாட்டி பாருங்க மேடம். நிச்சயம் ஏதோ இருக்கு."

"அண்ணே, தூரப் பார்வை ரெண்டு கண்ணுலயும் கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டீங்க. பேப்பர் படிக்கத்தான் கண்ணாடி வேணும். அது இந்த வயசுல எல்லாருக்கும் வர்றது."

"எனக்குப் பேப்பர் எதுக்கு? ரோடு தெரியணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாம் சீக்கிரம் வருது மேடம்."

"எது?"

"ஊரெல்லாம். முசிறி சீக்கிரம் வந்துருது. வளைவு சீக்கிரம் வந்துருது. ரெண்டு மாசமா இப்படித்தான். காது எஞ்சின் சத்தத்தைக் கேட்டு அறுபதுங்குது. முள்ளும் அறுபதுங்குது. கண்ணு மட்டும் இல்லடா, எழுபதுங்குது. மூணு பேர்ல ரெண்டு பேர் ஒரே பேச்சு பேசுனா மூணாவது ஆளுதானே பொய்?"

மயிலம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பதினெட்டாம் பெருக்கோட சாவியைக் குடுத்துடப் போறேங்கறாரு. இவருக்கு வண்டியை விட்டா என்னங்க தெரியும்? வீட்டுல உக்காந்தா நாலே நாள்ல ஆளு படுத்துருவாரு."

ஆடிப்பெருக்குக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.

[இந்த இடத்தில் எனக்கே தர்மராஜ் மேல் சந்தேகம் வந்தது. இருபத்தாறு வருஷம் ஓட்டியவர், ஒரு முள்ளைச் சந்தேகப்படாமல் தன் கண்ணையா சந்தேகப்படுவார்? வாசகர் நம்ப மாட்டார், ஆளை மாற்று என்று எழுதி வைத்தேன். அப்புறம் யோசித்தால், எண் போட்டு ஒன்றைக் காட்டிவிட்டால் நாம் அத்தனை பேரும் கவிழ்ந்துவிடுகிறோம். "எனக்கு நல்லா தெரியுதே" என்று வருகிறவர்களிடம் நான் ஒரு சீட்டில் எண்ணை எழுதி நீட்டுவேன். உடனே "அப்படியா, தெரியலதான்" என்பார்கள். அதனால் ஆளை மாற்றவில்லை.]

4

இந்தப் பகுதியின் முதல் பிரதியில் நான் மகா புத்திசாலி. தர்மராஜ் சொன்னதைக் கேட்டு, பேனாவைத் தாடையில் தட்டி, ஒரே கேள்வியில் விஷயத்தைப் பிடித்துவிடுகிறேன். அத்தனையும் பொய். நான் அப்போது அவரை நரம்பு டாக்டரிடம் அனுப்பச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கேட்டது மயிலம்மாள்.

"ஏங்க, தொட்டியத்துலேருந்து மார்க்கெட்டு எத்தன கிலோமீட்டரு?"

"அறுபது. இது என்ன கேள்வி?"

"மீட்டர்ல எத்தன கிலோமீட்டரு ஓடுனதா காட்டுது?"

"அதை யாரு பாக்குறா? எனக்குத் தெரியாதா அறுபதுன்னு?"

"நாளைக்குப் பாருங்க. கடிகாரம் தப்பா ஓடுனா விடியறதையா குத்தம் சொல்லுவாங்க?"

மறுநாள் மத்தியானம் அவர் வந்தபோது முகம் செத்துக் கிடந்தது. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பேனாவால் 51 என்று எழுதியிருந்தது.

"கூட்டிக் கழிக்கிறதும் போச்சு மேடம். கிளம்புறப்ப ஒரு தரம், இறக்குறப்ப ஒரு தரம் பாத்தேன். மூணு வாட்டி கழிச்சேன். அம்பத்தொண்ணுதான் வருது. கண்ணுக்கு அப்புறம் மூளையும் போயிட்டிருக்கு."

அட கடவுளே, இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய! அவர் கழித்தது சரிதான் என்று நானே ஒரு தரம் போட்டுக் காட்டினேன். அப்புறம் கேட்டேன்.

"அண்ணே, தொட்டியம் ஒம்பது கிலோமீட்டர் நகந்து வந்துருச்சா?"

அவர் என்னையே பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். மெதுவாக, "வரலியே" என்றார். அப்புறம் ஒரு கத்து கத்தினார்.

"கிரவுனு!"

ஃபிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாமி அதைக் கீழே போட்டுவிட்டார்.

5

கிரவுன் என்றால் லாரியின் பின் அச்சுக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரம். அதைச் சுற்றுகிற சின்னச் சக்கரம் பினியன். எனக்கு இது தெரியாது, உங்களுக்கும் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆனால் கதை இதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

வைகாசியில் தர்மராஜின் மகள் தேவதர்ஷினிக்கு வளைகாப்பு. நாலு நாள் லீவு போட்டிருந்தார். பின் அச்சு ஊளையிடுகிறதே என்று அரவிந்தன் அந்த நாளில் வண்டியைக் காட்டூரில் ஸ்தனிஸ்லாஸ் பட்டறையில் விட்டுக் கிரவுனை மாற்றிவிட்டார். மாற்றியது தர்மராஜுக்குத் தெரியும். பல் எத்தனை என்பது தெரியாது. என் கடையில் கத்திய கையோடு மயிலம்மாளையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

"பழசுல பினியனுக்கு ஆறு பல்லுண்ணே. மண்ணு லோடு அடிச்ச வண்டிதானே அது. வாழைத்தாருக்கு அவ்வளவு இழுவை எதுக்குன்னு ஓனரே ஏழு பல்லு கேட்டாரு. அவர் உங்ககிட்ட சொல்லலியா?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அரவிந்தனுக்குப் போன் போட்டார்கள். "ஸ்தனிஸ்லாஸ் சொல்லிருப்பாருன்னு நெனச்சேன்" என்றார். ரொம்ப அழகு. இந்தத் தொழிலில் ஒரு பழக்கம்: கிரவுன் மாற்றுகிறவர் மீட்டரைத் தொட மாட்டார், மீட்டர்காரர் வண்டிக்கு அடியில் என்ன மாறியது என்று கேட்க மாட்டார். அவரவர் வேலையை அவரவர் சுத்தமாகச் செய்தார்கள். நடுவில் ஒரு மனிதர் இரண்டு மாசமாகத் தனக்குப் பார்வை போய்விட்டதாக நினைத்துக்கொண்டு ஓட்டினார்.

விஷயம் இவ்வளவுதான். மீட்டர் கேபிள் கியர்பாக்ஸில் இருந்து வருகிறது. பின்னால் பல் மாறியது அதற்குத் தெரியாது. எஞ்சின் சத்தமும் மீட்டரும் பழைய கணக்கிலேயே பேசும். ஆனால் சக்கரம் ஆறு சுற்ற வேண்டிய இடத்தில் ஏழு சுற்றும். முள் அறுபது காட்டினால் வண்டி ஓடுவது எழுபது. மூணு பேரில் உண்மை சொன்னது கண் மட்டும்தான்.

தர்மராஜ் பின் டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். குணசீலத்து மொபெட்டைப் பற்றிச் சொன்னார். ஸ்தனிஸ்லாஸ் கையைத் துடைப்பதை நிறுத்தினார்.

"அறுபதுன்னு நெனச்சு மிதிச்ச பிரேக்குல, லோடோட எழுபதை நிறுத்திருக்கீங்கண்ணே. கண்ணு போனவன் செய்யற வேலையா இது?"

தர்மராஜ் அழுதார்.

[இந்த வரிக்குத் தகராறு வந்தது. நான் போனில் அனுப்பியதை மயிலம்மாள் படித்துக் காட்டியதும் தர்மராஜ் எனக்குக் கூப்பிட்டார். "நான் எங்க மேடம் அழுதேன்? எடுத்துடுங்க." பின்னால் இருந்து மயிலம்மாள் குரல்: "அழுதாரு, அழுதாரு. வீட்டுக்கு வந்தும் அழுதாரு. நீங்க எழுதுங்க." வரி அப்படியே இருக்கட்டும்.]

6

மீட்டரைச் சரிசெய்யப் பாலக்கரையில் கலீல் பாய் கடைக்குப் போனார்கள். கேபிள் கியர்பாக்ஸில் சேருகிற இடத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறதாம். அதை மாற்றினால் போதும். அந்த அளவு கையில் இல்லை, வர ஒரு வாரம் ஆகும் என்றார்.

"அதுவரைக்கும் வண்டியை நிறுத்திடவா பாய்?"

"எதுக்கு? அம்பத்தொண்ணுக்கு மேல முள்ளு போகாம பாத்துக்குங்க. அதுதான் உங்க அறுபது."

மயிலம்மாள் சும்மா இருக்கவில்லை. நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மீட்டர் கண்ணாடியில் ஐம்பத்தொன்றுக்கு நேரே ஒட்டிவிட்டார். "இதைத் தாண்டக் கூடாது, பாத்துக்குங்க." ஒரு வாரம் அந்த லாரி ஒரு பொட்டை நம்பி ஓடியது. முசிறி வர வேண்டிய நேரத்துக்கு வந்தது, வளைவும் அப்படியே.

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் புதுப் பல்சக்கரம் வந்தது. கலீல் பாய் மாட்டினார். மறுநாள் தொட்டியத்தில் இருந்து மார்க்கெட் வரை மீட்டரில் ஓடிய தூரம் அறுபது. தர்மராஜ் உள்ளங்கையில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினார். அப்பாடா! கடையில் இருந்த அத்தனை பேரிடமும் அந்தக் கையைக் காட்டினேன். சாவி அவரிடமேதான் இருக்கிறது.

7

இனி முடிவு. இரண்டு முடிவுகள் கைவசம் வைத்திருந்தேன்.

முதலாவதில், உண்மை தெரிவதற்கு முந்தின நாள் லாரி கவிழ்ந்து, சாலை முழுக்க வாழைத்தார் சிதறி

[முடியாது. இத்தனை நல்லா ஓட்டுகிறவரை என் கதைக்காக நான் கவிழ்க்க மாட்டேன்.]

இரண்டாவதில் அரவிந்தன் மாலை போட்டு, மண்டியில் எல்லார் முன்னாலும் மன்னிப்பு

[அவர் கேட்கவில்லை. ஒரு சீப்புப் பூவன் பழம் கொடுத்தார், அவ்வளவுதான்.]

மூன்றாவதை எழுதாமல் விட்டிருந்தேன். நேற்று மத்தியானம் தர்மராஜ் கடைக்கு வந்தார். "அந்தப் படிக்கிற கண்ணாடி குடுங்க மேடம். மயிலு படிச்சா அவளுக்கு வேண்டியதைச் சேத்துப் படிக்கிறா." போட்டுவிட்டேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க இந்தத் தாள்களையே கொடுத்தேன். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். குணசீலம் வந்தபோது கொஞ்சம் நிறுத்தினார். அழுத இடத்தில் என்னை முறைத்தார்.

"கடைசிப் பக்கம் காலியா இருக்கே?"

"முடிவு வரலண்ணே. அந்தப் பொட்டை எடுத்தாச்சா?"

இப்போது மீட்டர் சரி. ஐம்பத்தொன்றில் ஒட்டிய பொட்டுக்கு ஒரு வேலையும் இல்லை. எடுத்துவிடும்படி கலீல் பாய் அன்றைக்கே சொன்னாராம். தர்மராஜ் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துச் சிரித்தார், அவ்வளவுதான். வாசல் இறங்கும்போது கேட்டேன்.

"இன்னிக்கு முசிறி எப்பண்ணே வந்துச்சு?"

"வர்ற நேரத்துக்குத்தான் மேடம் வந்துச்சு."

பொட்டு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நாளைக் காலையில், மார்க்கெட்டுக்கு வரும்போது அவர் வண்டி கடக்கிற நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் போனால் நீங்களே எட்டிப் பார்த்து, இந்தக் காலிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சாலையோரமாக நின்றாலே போதும். பயப்படாதீர்கள், அறுபதில்தான் வருவார்.